கொம்பு

உயரம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.
குறைந்தால் மேல்பூச்சு மூடியில் ஒட்டும்,
கூடினால் பிஸ்கட் குதிக்கும்.
ரோஸ்ஹில்லில் மெட்ரோ ஏறி
பெட்டியை மடியில் வைத்து
போர்ட் லூயிஸ் வரை போய்த் திரும்பி
இதைக் கண்டுபிடித்தேன்.
முதல் மாதிரியை மேசைமேல் விட்டுத் தூங்கிய இரவில்
பக்கவாட்டு மடிப்பில் மயிரிழை இடைவெளி இருப்பதை
எறும்புகள் கண்டுபிடித்தன.
அவற்றுக்கு நான் கூலி தரவில்லை.

ரோஜா நிறம் வேறு கதை.
முசியே மார்தேமுத்து கேட்டது
அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்
இரண்டு பிஸ்கட், நடுவில் கொய்யா ஜாம்,
தலைக்கு மேல் சர்க்கரைப் பாகாய் உறைந்து நிற்கும்
அந்த அசட்டு ரோஜா.
திரையில் வந்தது.
அட்டையில் ஏறியதும் பல் ஆஸ்பத்திரிச் சுவராகிவிட்டது.
"மருந்துக்கடை" என்றார். சரிதான்.
கொஞ்சம் மஞ்சள் கூட்டினேன்.
"இப்போது இறால்."

டோடோ வேண்டாம் என்பதில் மட்டும்
இருவரும் முதல் நாளே ஒன்று.
செத்த பறவையை எத்தனை பெட்டியில்தான் அடைப்பது?

பிறகு சொன்னார்:
பிரெஞ்சில் பெரிதாய், ஆங்கிலத்தில் சின்னதாய்,
தமிழிலும் போடேன் தேவினா.
ரூபாய் நோட்டிலேயே இருக்கிறது,
என் பெட்டிக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

போட்டேன்.
பள்ளியில் படித்த தமிழால்
சீட்டில் அவர் எழுதித் தந்ததை அப்படியே:
நாப்போலித்தேன்.
பக்கப் பட்டை குறுகல்.
எழுத்து பெரிதாக வேண்டுமென்றால்
உடைத்துத்தான் ஆக வேண்டும்.

நாப்
போலித்தேன்

இரவு ஒன்றரை மணி.
தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பியவள்
அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.
நா. போலி. தேன்.
அடியில் பொடி எழுத்தில்
மாவு, வெண்ணெய், சர்க்கரை, கொய்யா, நிறமி,
எல்லாம் நாணயமாய் வரிசையில் நிற்கின்றன.
தேன் ஒரு சொட்டும் இல்லை.
அதைப் பெட்டியே ஒப்புக்கொள்கிறது.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ஆளில்லாத அடுக்களையில்.
பிரெஞ்சு வாய்க்கு அந்தப் 'போ' அவ்வளவு நீளமில்லை.
இரட்டைக் கொம்பில் ஒரு சுழியை அழித்தேன்.
பொலி.
களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பெயர் அது.
இந்தத் தீவில் கண்ணுக்கெட்டிய மட்டும் கரும்புதான்,
இருக்கட்டும், பொலியட்டும்.
மூன்று வார வேலையில்
எனக்குப் பிடித்த நிமிடம் அது.
பில்லில் எந்த வரியில் சேர்ப்பதென்று தெரியவில்லை.

கோரமாண்டல் அச்சகத்தில் அ-கியோன்
பழைய கோப்பை ஓட்டிவிட்டார்.
இரண்டாயிரம் பெட்டி.
புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து
பூதக்கண்ணாடியால் வெகுநேரம் தேடினார், பாவம்.
"இந்த நத்தைக்கு ஒரு சுருள் அதிகம்,
அதுதானே?"
அதுதான்.
வருஷப் பிறப்புக்கு நான்கு நாள்.
முசியே தோளைக் குலுக்கினார்:
யார் படிக்கப் போகிறார்கள்?

ஏப்ரல் வெக்கை, ஆறு பெட்டி உயர அடுக்கு.
மூடி தொய்ந்து
என் முப்பத்தெட்டு மில்லிமீட்டரும் தோற்றது.

போ பாசேனில் ஏறினாள் ஒரு சிறுமி, பள்ளிச் சீருடை.
எதிர் இருக்கை.
எழுத்துக்குக் கீழே விரலை வைத்து
கூட்டிப் படித்தாள்:
நா… போ… லி…
சிரிக்கப் போகிறாள் என்று
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்ணாடியில் தெரிந்தது.
மூடியைத் திருப்பிப் பிடித்து
ஒட்டியிருந்ததை எல்லாம், மூலை விடாமல்,
நக்கிக்கொண்டிருந்தாள்.
நான் அட்டையில் கொண்டுவர முடியாத ரோஜா
அவள் நாவில் இருந்தது.