இருபத்திரண்டில் பத்து

அட்டவணையில் இன்றைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்.
பக்கத்திலேயே, நிதானமாக, என்று எழுதி அடிக்கோடு.
மாரத்தானுக்கு இன்னும் பதினோரு வாரம்.
அதில் பத்தைக் காவல்கிணறு பந்தயத்தில் கழித்துவிடலாம்,
தண்ணீர் கொடுப்பார்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள்,
மிச்சம் பன்னிரண்டை ஓடியே வீடு சேரலாம்
என்பது என் கணக்கு.

கணக்கில் நான் கெட்டி.
துணைமின் நிலையத்தில் காற்றை யூனிட்டாக எழுதுகிறவள்.
ஆனி பிறந்து கணவாயிலிருந்து இறங்குவது
மற்றவர்களுக்குக் கூரைத் தகரத்தைத் தூக்கும், கண்ணில் மண் போடும்;
எனக்கு அது மெகாவாட்.

பெண்கள் பதினொரு பேர்.
முதல் பரிசு மேசை விசிறி.
ஆனி மாதத்தில், காவல்கிணற்றில், மேசை விசிறி!
சிரித்துக்கொண்டேதான் ஊக்கு குத்தினேன்,
நாற்பத்தேழாம் எண்.

போகும்போது வடக்கன்குளம் பக்கம்.
காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.
எல்லோருமே அந்த ஐந்து கிலோமீட்டர் நல்ல ஓட்டக்காரர்கள்.
மணிக்கட்டில் கடிகாரம் கத்தியது,
வேகம் அதிகம், வேகம் அதிகம்.
காற்றைச் சொல்லு, என்னைச் சொல்லாதே என்றேன்.
பொய்.
எனக்கு நாலு எட்டு முன்னால்
ஒரு கருநீல பனியன் போய்க்கொண்டிருந்தது.
காவல்துறை என்ற எழுத்து வெளுத்து,
அதன் கீழே, வெளுக்காமல், ஸ்டெபிலா.

நடுரோட்டில் ஒரு தண்ணீர் டிரம்.
அதைச் சுற்றித் திரும்பினோம்.
அறைந்தது.

மணல், புளியஞ்சருகு, யாரோ குடித்துப் போட்ட காகித டம்ளர்.
எதிரே மகேந்திரகிரி தலைக்கு மேகத்தைக் கட்டிக்கொண்டு.
காற்றாலைகள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றன.
அவை பார்க்கிற பக்கம்தான் நாங்கள் போகவேண்டும்.

பொன்னுலிங்கம் அண்ணாச்சி உரமூட்டை தூக்குகிறவர்.
கதவு மாதிரி முதுகு.
அதற்குப் பின்னால் ஒதுங்கப் போனால்
ஸ்டெபிலா ஏற்கெனவே அங்கே.
ஒரு முதுகில் இரண்டு குடித்தனம்.
ஒரு கிலோமீட்டர் கழித்து அவர் திரும்பிப் பார்த்தார்:
"எம்மா, நானும் மனுசந்தான்.
ஆளுக்குக் கொஞ்சம் முன்னால வாங்க."

வெட்கமாகிவிட்டது.
அவள் இருநூறு எட்டு, நான் இருநூறு எட்டு, பிறகு அவர்.
குளத்துத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல
காற்றுக்கு முறை வைத்தோம்.

எட்டாவது கிலோமீட்டரில் முறை உடைந்தது.
உடைத்தது நான்.
என் இருநூறு முடிந்தும் ஒதுங்கவில்லை.
கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டேன்.
பதினோரு வாரம், இடது முழங்கால்,
ஜஸ்டின் சார் வாட்ஸப்பில் அனுப்பும் கட்டைவிரல்
எல்லாம் எங்கோ பனைகளுக்குப் பின்னால் உதிர்ந்துபோயின.
எனக்கு அந்த விசிறி வேண்டும்.
வீட்டில் மூன்று இருக்கிறது.
இருந்தாலும்.

டீக்கடை. பேனர். ஒலிபெருக்கியில் யாரோ,
"இ.பி. மேடம், விட்ராதிய!"
அதே நேரம் இடது காதோரம் ஒரு மூச்சு.
இவ்வளவு நேரமும் அவள்
என் முதுகில் குடியிருந்திருக்கிறாள்.

ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு.

இரண்டாம் பரிசு குக்கர், ஐந்து லிட்டர்.
அதை டீக்கடையில் கொடுத்துவைத்துவிட்டு
பன்னிரண்டைத் தொடங்கினேன், பணகுடி பார்த்து.
தொடை இரண்டிலும் ஈயம்.
அட்டவணை கேட்ட நிதானம்
இப்போது கேட்காமலேயே வந்திருந்தது.

மூன்று முடிந்தபோது ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வேகம் குறைந்தது.
"இன்னுமா ஓடுதிய, மேடம்?"
"ஒம்பது கெடக்கு."

வேறொன்றும் கேட்கவில்லை அவள்.
எனக்கும் காற்றுக்கும் நடுவே வந்து
என் வேகத்துக்கு வண்டியை உருட்டினாள்.
வேண்டாம் என்று சொல்ல மூச்சில்லை,
மனசுமில்லை.

பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய மேசை விசிறி,
வயரைச் சுருட்டி இடுப்பில் செருகியபடி,
கரண்ட் இல்லாமல்
சுற்றிக்கொண்டே வந்தது.