சலவைச் சீட்டின் பின்பக்கம்

தலையணை உறை நாற்பத்திரண்டு,
துவர்த்து முப்பத்தாறு
என்றிருந்த சீட்டைத் திருப்பிப் போட்டு
ததேயு எழுதினான்: மெட்ராஸ்.
அடியில் ஒரு கோடு.
பேனா அதற்குமேல் ஓடவில்லை.

கல்யாணம் முடிந்து ஒன்பது வருடம்.
வேளாங்கண்ணிக்குப் போனோம், அது நேர்ச்சை.
திருவனந்தபுரம் போனோம், அது அவன் அப்பாவின் கிட்னி.
ஊர் பார்க்க என்று
ஊரை விட்டு இறங்கியதில்லை.

எப்போது போவது?
கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டிக் கூட்டம்,
தை வரைக்கும் லாட்ஜில் எனக்கு முதுகு நிமிராது.
மே மாதம் பள்ளிக்கூட லீவு,
அவன் கழுத்துக் கேமரா அப்போதுதான் சோறு போடும்.
பௌர்ணமி என்றால் மேனேஜர் முறைப்பார்.
ஜூலையில் மூன்று நாள் கிடைத்தது,
காற்றடித்துப் படகு விடாத நாட்கள்.

"கடற்கரை பாக்கணுமா?" என்றேன்.
"அது இல்லாம மெட்ராஸா?"
"இஞ்ச என்ன, கடல் வத்தியா கெடக்கு?"
"அங்க சூரியன் உதிக்க மட்டும்தான் செய்யும், கேட்டியா.
சாயங்காலம் கட்டடத்துக்குப் பொறத்தால எங்கயோ போய்ச் சாடும்"
என்றான்,
பாதிச் சரக்கு வைத்திருக்கும் கடையைச் சொல்வது போல.
சரி, அதையும் எழுது. அரைநாள் போதும்.

ஏமாறுவது எப்படி என்று
எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
இறங்கியதும் அண்ணாந்து பார்க்கக் கூடாது.
எவ்வளவு என்று கேட்கும்போது குரல் மேலே போகக் கூடாது.
சங்கில் பேர் எழுதித் தருகிறேன் என்பவனிடம்
பேரைச் சொல்லக் கூடாது.
"ஒரு போட்டோ சார், ரெண்டே நிமிஷம்" என்று
கூடவே நடந்து வருகிறவனின்
முகத்தைப் பார்க்கவே கூடாது.
இதை எழுதிவிட்டு ததேயு கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அடித்தான்.
"அம்பது ரூவாதானே. எடுத்துக்கலாம்."

வண்டலூர்ப் புலி, எழும்பூர் மியூசியம்,
தரைக்கடியில் ஓடும் ரயில், அதற்கு இறங்க ஓடும் படி,
எல்லாம் அவனுக்கு வேண்டும்.
எனக்கு ஒரு ரூம்.
ஏசி வேண்டாம், ஜன்னலில் எதுவும் தெரிய வேண்டாம்.
யாரோ விரித்த விரிப்பில் படுத்து
யாரோ மடிக்கட்டும் என்று எழும்பிப் போக வேண்டும்.
சொன்ன உடனே தெரிந்துவிட்டது, நடக்காது.
நாலு முனையும் இழுத்து, தலைமுடி பொறுக்கி,
வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான்
கதவைச் சாத்துவேன்.

நேற்று இருநூற்றி ஏழுக்குக் குடிதண்ணீர் கொண்டு போனேன்.
புதுசாய்க் கட்டிய ஜோடி, அம்பத்தூர்.
"இங்க பாக்க என்னக்கா இருக்கு?"
பாறை, மண்டபம், வட்டக்கோட்டை, தொட்டிப்பாலம்,
வண்டி இருந்தால் திற்பரப்பு என்று ஒப்பித்துவிட்டு
"உங்க ஊர்ல?" என்றேன்.
அவள் அவனைப் பார்த்தாள்.
அவன் மின்விசிறியைப் பார்த்தான்.
"தெரியலக்கா. ஆபீஸ், வீடு. ஒருநாள் போய்ப் பாக்கணும்."

டிக்கெட் முதலில்
காத்திருப்பில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
காலையில் பல் தேய்க்கும் முன்னே போனைப் பார்ப்பான்.
பதினெட்டு. ஒன்பது.
ஒன்பதிலேயே நாலு நாள்.
இன்றைக்கு ஆர்ஏசி.
பக்கவாட்டில் ஒரே இருக்கை, ஆளுக்குப் பாதி,
விடிய விடிய முட்டோடு முட்டு.

எத்தனை ஆயிரம் பேரைக்
கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து
"இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்றிருப்பான்.
போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் இப்போது,
என்ன சொல்வதென்று தெரியாமல்.

தண்ணி வெள்ளிக்கிழமைதான் வரும்,
அடுத்த வீட்டு ஷீபாவிடம் சாவி கொடுக்கணும்.
சீட்டு நாளைக்குச் சலவைக்காரனுக்குப் போக வேண்டியது.
நாற்பத்திரண்டையும் முப்பத்தாறையும்
வேறொரு தாளில்
பார்த்து எழுதிக்கொண்டேன்.