வெறும் பஞ்சு

ஆறு பத்துக்கு மாவு மில் சங்கு ஊதும்.
சேர்ட்டைத் தூக்கி
தொப்புளுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளி
ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பேன்.
பிறகு ஊசி.
பிறகு அருள்மலர் வைக்கும் இடியப்பம், மூன்று.
எண்ணித்தான் வைப்பாள்.
பதினொரு வருசமாய் இந்த வரிசை பிசகவில்லை.

கிளினிக்கில் மருந்து முடிந்து
நாளைக்கு வாங்கோ என்ற ஒருநாள்
மச்சாளின் பெடியன் சைக்கிளால் விழுந்தான்.
பாலையூற்று டிஸ்பென்சரியில்
பரீஸா மிஸ்ஸி போத்தல் மூடியைத் திறந்தா.
புண் அவனுக்கு.
வேர்த்தது எனக்கு.
கை நடுங்கியது, உதடு மரத்தது,
வாங்கில் இருந்தபடியே
மூன்று இடியப்பத்துக்குப் பசித்தது.
மிஸ்ஸி என் விரலில் குத்திப் பார்த்தா.
விடிய நூற்றெண்பது. இப்போ நூற்றிருபத்தாறு.
"ஊசி போடல்லயா? அப்ப இது மணத்துக்கு எறங்கின சீனி"
என்று சிரித்தா.

நான் சீனக்குடாவில் எடைப்பாலக் கிளார்க்.
வரும்போது தண்ணீர்த் தாங்கியை நிரப்பி
வெறும் லொறி என்று நிறுத்துவிட்டு,
உள்ளே போய்த் திறந்துவிட்டு,
அந்தப் பாரத்துக்கு மாவை ஏற்றிப் போகிற
ஆட்களைப் பிடித்திருக்கிறேன்.
தராசை ஏமாற்றலாம் என்று தெரிந்தவனுக்கு
சும்மா இருக்க முடியுமா?

மருந்து வந்த பிறகும்
சங்கு ஊதச் சேர்ட்டைத் தூக்கினேன்.
பஞ்சு வைத்தேன். ஊசி வைக்கவில்லை.
முதல் நாள் நூற்றைம்பது.
பரவாயில்லையே!
இரண்டாம் நாள் இருநூறு தாண்டியது,
மூன்றாம் நாள் மீற்றரைப் பார்க்கவில்லை,
ஐந்தாம் நாள் முன்னூற்றுப் பதினேழு,
ராத்திரி ஆறு தரம் எழும்பினேன்.
உடம்பு சந்திக் கடைக்காரன் மாதிரி,
முகத்துக்காக இரண்டொரு நாள் கடன் தந்தது,
பிறகு கொப்பியை மூடிவிட்டது.

அருள்மலர் ஒன்றும் கேட்கவில்லை.
ஊசிப் பெட்டியைக் கொட்டி மேசையில் பரப்பினாள்.
இடியப்பத்தை எண்ணுகிறவள்
ஊசியை எண்ணமாட்டாளா?

இப்போ பக்கத்தில் நின்று பார்க்கிறாள்.
பஞ்சு. ஊசி. மூன்று.
எல்லாம் பழையபடி.

ஆனால் ஒன்று
மிஸ்ஸியிடம் கேட்க வாய் வரவில்லை.
ஓடுபாதைப் பக்கமிருந்து
ஹெலி எழும்பி மில்லுக்கு மேலால் வரும்போது
என் முழங்கால் தானாய் மடிகிறது.
எத்தனையோ வருசமாய்
அதிலிருந்து ஒன்றும் விழவில்லை.
வெறும் சத்தம்.
வெறும் பஞ்சு.
ஐந்து நாளில் என் கள்ளத்தைப் பிடித்த உடம்புக்கு
இது மட்டும் ஏன் பிடிபடவில்லை?

நேற்றும் வந்தது.
கந்தளாய் லொறி தட்டில் ஏறி நின்றது.
ட்ரைவர் பெடியனுக்கு இருபது இருக்கும்,
மேலே பார்க்கக்கூட இல்லை,
துண்டுக்குக் கை நீட்டினான்.
"அண்ணை, எங்க போயிட்டீங்கள்?"

பேனை விழுந்திட்டுது என்றேன்
மேசைக்குக் கீழே இருந்து.

பேனை சட்டைப் பையில் இருந்தது.