காய்ச்சல் சீட்டு

டொரீன் செல்லர் முதல் நாள் காரைக் கொண்டுவரவில்லை,
சீட்டைத்தான் கொண்டுவந்தாள்.
ஆஸ்பத்திரிக் கட்டம் போட்ட தாள்,
காய்ச்சல் ஏறி இறங்கும் சிவப்புக் கோடு.
நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில்
பென்ஸ், எண்பத்திரண்டாம் ஆண்டு, இன்ஜெக்சன்.

பதினோராந் திகதி. விடிய ஐந்தரை. டச்சுபார் வீடு.
ஒரே கிறுகில பத்தினது.
அதே நாள் மத்தியானம், ஆரையம்பதிச் சந்தி,
மீன் வாங்கக் கால் மணித்தியாலம் நிப்பாட்டினது.
கிறுகுது. பத்தல்ல.
பதினாலு. மழை. நாலுதரம் நிப்பாட்டி, நாலுதரமும் பத்தினது.
பதினேழு. களுவாஞ்சிகுடி. கொதி வெயில்.
முக்கால் மணித்தியாலம் வேம்பின் கீழ நிண்டது,
மறுகா தன்பாட்டில பத்தினது.
ஓரத்தில் பொடி எழுத்து:
தள்ளின பியோனுக்கு நாரிப்பிடிப்பு.

மாற்றிய சாமான் பின்பக்கத்தில்.
பற்றரி இரண்டு. பிளக் நாலு. கொயில் ஒன்று.
ஒரு பாஸ், இன்ஜெக்சனையே கழற்றி எறிந்துவிட்டுக்
காபரேட்டர் பூட்டச் சொன்னாராம்.
"பிள்ளைக்கு இருமலெண்டா நெஞ்சையா மாத்துற?"

நான் சிரிக்கவில்லை.
அந்த பாஸ் நான்தான்,
மூன்று வருடத்துக்கு முன், செங்கலடியில், இன்னொருவர் கராஜில்.
அப்போது தாடி இருந்தது.
அவளுக்கு ஞாபகமில்லைப் போல.
பாலத்தடி வயறிங் கடை என்று யாரோ அனுப்ப வந்தவள்,
பெயர்கூடக் கேட்கவில்லை.

காலையில் எந்தக் காரும் பொய் சொல்லும்.
பன்னிரண்டுக்கு வரச்சொன்னேன்.
வாவிக்கரையில் நிறுத்தி, பொனற்றை மூடி,
சூட்டை உள்ளே அடைத்துவிட்டு
இருபது நிமிடம் காத்திருந்தோம்.
இரவுக் கடமை முடித்து வந்தவள்
ஸ்டேரிங்கில் கைவைத்தபடியே தூங்கிப்போனாள்.
எழுப்பினேன்.
சாவி.
கிறுகுது.
பத்தல்ல.
ஒரு கார் பத்தாததற்கு நான் சந்தோசப்பட்டது
அன்றைக்குத்தான்.

பிளக் வயரைக் கழற்றி இரும்போரம் பிடித்தேன்.
நீலப் பொறி, சுள்ளென்று.
நெருப்பு இருக்கிறது. எண்ணெய்?
பின் சீற்றில் குப்புறப் படுத்துக் காதை வைத்தேன்.
சாவி போட்டதும் ஒரு கணம் பம்ப் முனக வேண்டும்,
பானைக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி.
ஒன்றுமில்லை.
தூரத்தில் யாரோ வீச்சுவலை எறிந்தார்,
ஈயமணிகள் தண்ணீரில் விழுவது கேட்டது.

டாஷ்போட்டின் அடியில் ரிலே.
அதைப் பிடுங்கி
முப்பதாம் ஓட்டையையும் எண்பத்தேழாம் ஓட்டையையும்
ஒரு துண்டு வயரால் இணைத்தேன்.
பின்னால் வண்டு எழும்பியது.
"கேக்குதுகா" என்றாள். "கேக்குது!"

ரிலேயின் மூடிக்குள் தீப்பெட்டியளவு பலகை.
வெறுங்கண்ணுக்குப் பழுதில்லை.
தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தந்தாள்.
ஈயப் பொட்டொன்றைச் சுற்றி
வளையமாய் ஒரு வெடிப்பு,
தலைமயிரில் பாதி.
குளிர்ந்தால் உதடு பொருந்தும், சூடேறினால் விலகும்.
எத்தனை வருட மத்தியானங்கள் சேர்ந்து பிளந்ததோ!

ஈயக்கோல் காய ஐந்து நிமிடம்.
தொட இரண்டு நொடி.
கூலி சொல்ல நாக்கு எழவில்லை.

பத்தியது.
"ஒருதரம் பத்தினா அது சாட்சியில்ல" என்றேன்,
"மூண்டு மத்தியானம் சூட்டில நிப்பாட்டிப் பாருங்க."

பேனையை எடுத்தாள்.
இன்றைய கட்டத்தில் கோடு இழுக்கவில்லை,
ஒரு புள்ளி மட்டும்.
தாளைத் திருப்பி,
பற்றரிக்கும் பிளக்குக்கும் கொயிலுக்கும் கீழே
ஈயம், ஒரு சொட்டு
என்று எழுதினாள்.
பக்கத்தில் என் பெயர்.
நான் சொல்லவேயில்லை.
முதலெழுத்துக்கூடப் பிழையில்லை.

பாலத்தில் ஏறும்போது பார்த்தேன்,
இடப்பக்க சிக்னல் எரியவில்லை.
அதுவும் சீட்டில் இருக்கும்.