கருநாக்கு

தேசிங்குக்குக் கருநாக்கு.
நான் சொல்லவில்லை,
சோனாங்குப்பமே சொல்கிறது.

மூன்று வருஷம் முன்பு, சித்திரையில்,
"நம்ம குணாளனைக் கணுக்காலில் பிடித்தவன்
இன்னும் பிறக்கவில்லை, ரசிகப் பெருமக்களே" என்றான்.
'பெருமக்களே' ஒலிபெருக்கியை விட்டு இறங்குவதற்குள்
குணாளன் மண்ணில் கிடந்தான்,
கணுக்காலில் நாலு கை.
அடுத்த வருஷம்
"வானத்தைப் பாருங்கள், பொட்டு மேகம் உண்டா?" என்றான்.
மறுநாள் பந்தலை உப்பனாற்றில் தேடினோம்.

பகலில் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதுகிறவன்.
அங்கே அவன் வாய் பட்டு
ஒரு கட்டியும் உருகியதில்லை.
ராத்திரி மைக்கைக் கையில் கொடுத்தால்தான்
நாக்கில் எதுவோ வந்து உட்காருகிறது.

கெங்கையம்மா ஏலத்திலிருந்து நேராக வருவாள்,
முழங்கையில் செதில் மின்ன.
"வலைக்குப் போறவன
எங்க போறேன்னே கேக்க மாட்டோம்.
இவன் என்னடான்னா
வல ரொம்பிடுச்சுன்னு கரையில நின்னு கத்துறான்."

எனக்கும் ஒரு வேலை உண்டு.
நம் பையன் பாடிப் போகும்போதெல்லாம்
ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி
ஜெனரேட்டரைப் பார்த்து நிற்பேன்.
போன வருஷம் மட்டும்
எட்டுப் புள்ளி அப்படி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.
யாருக்கும் தெரியாது.

இந்தத் தடவை கமிட்டி கூடியது.
வெற்றிலைத் தட்டில் ஐந்நூறு ரூபாய் வைத்து
தேசிங்கைக் கேட்டுக்கொண்டார்கள்:
"எதிர் டீமைப் புகழ்ந்துடு. அது போதும்."
புகழ்ந்தான், பாவம், வாயார.
"பரங்கிப்பேட்டைச் சிங்கங்கள்" என்றான்,
காலிறுதியில் சுருண்டார்கள்.
"புதுச்சத்திரத்து இரும்புக் கோட்டை" என்றான்,
பாதி ஆட்டத்திலேயே விரிசல்.

இறுதியில் அவனால் முடியவில்லை.
அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதானே.
இருபத்தெட்டு, இருபத்தேழு. நாம் மேலே.
அரை நிமிஷம்.
எதிரில் நெல்லிக்குப்பத்துக்காரர்கள், மூன்றே பேர்.
குணாளன் கோட்டைத் தாண்டிவிட்டு
சும்மா திரும்பி வந்தாலே கோப்பை.
"ரசிகப் பெருமக்களே, இனி நம்மை..."
என்று தேசிங்கு தொடங்கும்போது
யாரோ மைக் வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

யாரோ என்ன, நான்தான்.
ஜெனரேட்டர் பக்கம் வேறு யார் நிற்கிறார்கள்.

விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் செத்தது.
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
குணாளனின் மூச்சு கேட்டது.
கபடி கபடி கபடி
காய்ச்சலில் பையன் முனகுவதுபோல.
அதற்கும் பின்னால் கடல்.
மேடையில் தேசிங்கின் உதடு
அசைந்துகொண்டே இருந்தது,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவன்போல.

நான் திரும்பித்தான் நின்றேன்.
காதால் கேட்டதைச் சொல்கிறேன்:
கால் இழுபடும் சத்தம்.
பொத்தென்று ஒன்று.
அதன்மேல் இன்னும் மூன்று.
கபடி நின்றுபோனது.
சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி.
ஒன்றில் போச்சு.

"வாயசச்சானே, பாத்தீங்களா" என்றாள் கெங்கையம்மா.
ஊர் பார்த்திருந்தது.
சத்தமே இல்லாமல் பலிக்கிற நாக்கு
இனி எந்த வயரைப் பிடுங்குவது?
தேசிங்கு ஐந்நூறைத் தட்டிலேயே வைத்துவிட்டு
மணலில் இறங்கிப் போனான்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
வயரைப் பிடுங்கிய கையோடு
ஒரு கணம், ஒரே கணம்,
நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டேன்:
ஜெயிச்சாச்சு.

இரண்டு நாள் கழித்து
ஐஸ் கம்பெனி வாசலில் பிடித்துக்கொண்டான்.
"அன்னிக்கு வயரு எப்படிப்பா போச்சு?"
"எலி" என்றேன்.
"எலியாத்தான் இருக்கும்" என்று
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தான்.
"பாரேன், அடுத்த வருஷம் கப்பு நமக்குத்தான்."

உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்
என்று சொல்ல வாயெடுத்து,
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.