எக்ஸ்ப்ளோரர் ஆறு

பெருங்குடியில், என் திரையில்,
அடையாறு வழுக்கிக்கொண்டு ஓடியது.
பன்னிரண்டு புள்ளிகள், பதினொரு வளைவுகள்.
சைதாப்பேட்டைப் பாலத்தருகே மட்டும்
ஒரு கைப்பிடியை இழுத்து நெளித்தேன்.
எஸ்விஜி. எவ்வளவு பெரிதாக்கினாலும்
பிசிறு தட்டாது.

மண்டல அலுவலகத்துக் கணினியில்
அது ஒரு வெள்ளைப் பெட்டி,
மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி.
“ஆத்தக் காணோம்மா” என்றார் போனில்
தில்ஷாத் பேகம்,
இளநிலை உதவியாளர், வெள்ளத் தடுப்புப் பிரிவு.

அங்கே இருப்பது எக்ஸ்ப்ளோரர் ஆறு.
அந்த ஆறுக்கு
இந்த ஆற்றைத் தெரியாது.
மாற்றுவதென்றால் டெண்டர் விட வேண்டுமாம்.

பிஎன்ஜி போடு, தீர்ந்தது என்றான் ஜெரால்டு.
போட்டேன். இரண்டு மடங்கு பெரிதாக்கியதும்
ஆறு படிக்கட்டில் இறங்கியது.
ஃபிளாஷ்?
அதை நிறுவக் கடவுச்சொல் வேண்டும்.
கடவுச்சொல் தெரிந்தவர்
மாற்றலாகி வேலூர் போய்விட்டார்.
கேன்வாஸ் என்று நான் வாயைத் திறந்தபோது
ஜெரால்டே சிரித்துவிட்டான்.

மிச்சம் விஎம்எல்.
அந்த ஒரு உலாவி மட்டும்
தன் வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு.
அதன் கோடுகளுக்குத் தசமம் ஆகாது.
ஒவ்வொரு புள்ளியையும் பத்தால் பெருக்கி
முழு எண்ணாக்கி
அடையாற்றை மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

இரவு பதினொன்றரை.
ஓ.எம்.ஆரில் மழை பிடித்துக்கொண்டது.
வருகிற உலாவி எது என்று கேட்டு
இந்த ஆற்றை இவருக்கு
அந்த ஆற்றை அவருக்கு என்று
திருப்பிவிட
நாலு வரியில் ஒரு மதகு வைத்தேன்.

காலையில் போன்.
“வந்துடுச்சு. நல்லா நெளிஞ்சு நெளிஞ்சு போகுது.”
பிறகு பேச்சில்லை, மவுஸ் சத்தம் மட்டும்.
“பெருசாக்குறேன்...
இன்னும் பெருசாக்குறேன்...
எங்க தெரு எங்கம்மா?”

ஜாஃபர்கான்பேட்டை.
நானும் பெரிதாக்கினேன், எண்ணூறு விழுக்காடு.
கரை, கத்தி வைத்துக் கீறியது போல.
துளிப் பிசிறில்லை.
கரைக்கும் சாலைக்கும் நடுவே
துல்லியமாக
ஒன்றுமில்லை.

எங்களுக்கு வந்த வரைபடத்திலேயே அந்தத் தெரு கிடையாது.
போன தடவை இடுப்பளவு நின்றதாம்.
வீட்டு கேஸ் சிலிண்டர்
பக்கத்துத் தெருவரை மிதந்து போனதாம்.

அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன்:
மாவு மில்லில் திரும்பி
டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி
கொஞ்சம் இறங்கி
குழாயடியில் முட்டி நிற்கும்.
ஐந்து புள்ளி. வளைவு தேவைப்படவில்லை.

“லைன்லயே இருங்க” என்று சொல்லிவிட்டு
இன்னொரு முறை வரைந்தேன்,
தசமம் இல்லாமல்.