நாற்பத்து மூன்றாம் பத்தி

மீட்டர் படிப்பது என் பிழைப்பு.
காத்ர் போர்னில் எனக்குத் தெரியாத வாசல் கிடையாது,
வாசலுக்குள் என்ன என்பதுதான் தெரியாது.
நாய்களைத் தெரியும்.
என் கதையின் அரக்கர்களில் பாதிப்பேர் அவைதான்.
மூன்று தலை மட்டும் நான் ஒட்டியது.

ஒருவர் தனியே ஆடும் சாகசம்:
ஒரு பென்சில், ஒரு பகடை, பன்னிரண்டு உயிர்ப்புள்ளி,
ஒரே தாளை எட்டாக மடித்து அறுபது பத்தி.
'பாலத்தில் கால் வைத்தால் 27க்குப் போ.
பயந்தால் 9.'
பயந்தவர்களுக்கும் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆலைப் புகைபோக்கிக்குள் ஒரு டிராகன் தூங்கும்.
கரும்புக்காடு இரவில் எழுந்து நடந்து
காலையில் வேறு தெருவில் நிற்கும்.
இருபத்தைந்து பிரதி போட்டேன்.
"தேர்தலா?" என்றார் ஜெராக்ஸ் கடை இத்ரிஸ்.
பதினாறு இன்னும் என் பையில்தான்.
ஒன்று மட்டும் எப்படியோ
தீவின் மறுகரைக்கு, ஃப்ளாக் மருத்துவமனைக்குப் போயிருக்கிறது.

புயலின் மூன்றாம் எச்சரிக்கை இறங்கிய மாலை
கைபேசிக்கு உயிர் வந்ததும் ஒரு செய்தி:

"மிரேலா வீராப்பென், நர்ஸ்.
தாளின் அடியில் இந்த எண் இருந்தது.
பஸ் ஓடவில்லை, எங்களை மாற்ற யாரும் வரவில்லை.
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் ஆடினேன்.
பகடைக்குப் பதில் மாத்திரைக் கிண்ணத்தில்
எண் போட்ட ஆறு பிளாஸ்திரித் துண்டு.
மூன்று முறை செத்தேன். இரண்டு முறை நாய்.
ஒரு கேள்வி:
43க்கு எப்படிப் போவது?"

மெழுகுவத்தி வைத்து, சிவப்புப் பென்சிலால்
தாளில் உள்ள 'போ' எல்லாவற்றுக்கும் கோடு போட்டேன்.
42க்கு இரண்டு வழி.
44க்கு மூன்று.
43க்கு
திரும்பவும் எண்ணினேன்.

அங்கே ஒரு படகுக்காரன் இருந்தான், ஆரம்பத்தில்.
அதிகம் பேசினான். தாளில் இடம் போதவில்லை,
அவன் வசனம் மடிப்பில் விழுந்து கசங்கியது.
வெட்டினேன்.
வழி அவன் வாயில் இருந்திருக்கிறது.

போகாத ஊருக்கு வழி சொல்கிறவர்கள் உண்டு.
நான் ஊரைக் கட்டிவிட்டு
வழியைத் தின்றவன்.

'43. ஒரு கதவு. நீ தட்டும் முன்பே திறக்கிறது.
உலையில் அரிசி கொதிக்கிறது.
யாரும் உன் பெயரைக் கேட்கவில்லை.
ஈரச் சட்டையைக் கொடியில் போடு.
இழந்த உயிர்ப்புள்ளி எல்லாம் உனக்குத் திரும்பிவிட்டது.
தூக்கம் தெளிந்ததும் 50க்குப் போ.'

'மன்னிக்கவும்,' என்று எழுதினேன், 'என் பிழை.
அங்கே போக வழி இல்லை.'

நெடுநேரம் கழித்துப் பதில்:
"தெரியும். ஒன்றிலிருந்து அறுபதுவரை
வரிசையாகப் படித்துப் பார்த்துவிட்டேன்.
நாலாவது ஆட்டம், மிச்சம் இரண்டு புள்ளி.
ஏழாம் படுக்கைக்காரர் அப்போதுதான் கண் மூடினார்.
வெளியே எங்கோ தகரம் பிய்கிற சத்தம்.
பகடையைப் போடவில்லை.
நேரே 43க்குப் போய்விட்டேன்.
விடியும்வரை அங்கேதான்.
ஏமாற்றுத்தான், ஒப்புக்கொள்கிறேன்.
காலையில் 50க்குப் போனால்
டிராகன் நன்றாகத் தூங்குகிறது. எழுப்பவில்லை."

மறுநாள் வேலைக்குப் போனேன்.
தெருவெல்லாம் மாங்கொப்பு, மாட்டிக்கொண்ட கம்பி,
பாதி வீட்டில் மீட்டர் அசையவே இல்லை.
நின்ற எண்ணை நின்றபடி எழுதிக்கொண்டு
வாசல் வாசலாக நடந்தேன்.
சென் ழான் ரோட்டுப் பச்சைக் கேட்டில்
எப்போதும் பாய்கிற கறுப்பன்
நனைந்து போய், என்னைப் பார்த்து, சும்மா படுத்துக்கொண்டான்.
அடுத்த பதிப்பில் அவனுக்கு ஒரு தலையைக் குறைக்க வேண்டும்.

படகுக்காரனைக் கூப்பிட்டிருக்கலாம்.
விடுகதையை எடுத்தால் அவனுக்கு இடம் வரும்.
ஒரு வாரம் அவனை எழுதி எழுதி அடித்தேன்.
இத்ரிஸ் மெஷினைச் சூடாக்கிக்கொண்டு
"இன்னுமா?" என்றார்.
கடை மேஜையிலேயே குனிந்து
43இன் அடியில், மடிப்புக்குச் சற்று மேலே,
இரண்டே வரி சேர்த்தேன்:

'போகும்போது விளக்கை அணைக்காதே.
அடுத்து வருகிறவருக்கும் வழி இல்லை.'